பிச்சாவரம்: வெட்டிய காடு ஏன் துளிர்க்கவில்லை?

கடலூர் மாவட்ட விவசாயிகளுக்கு மறுதாம்பு புதிதில்லை. கரும்பை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி பயிர் வரும். தைலமரமும் அப்படித்தான். ஆனால், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் இந்தக் கணக்கு தப்பிப்போனது.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை இந்த அலையாத்திக் காட்டை கூப்பு கூப்பாகப் பிரித்து மொத்தமாக வெட்டினார்கள். தானாக வளர்ந்துவிடும் என்று நம்பிக்கை. வெண்கண்டலும் தில்லையும் அடிக்கட்டையில் துளிர்க்கக்கூடியவைதான். சுரபுன்னை அப்படியில்லை; முற்றிய மரத்தை வெட்டினால் அதோடு சரி.

துளிர்க்கும் மரங்கள்கூடப் பல இடங்களில் வரவில்லை. காரணம் மண். நிழல் போனதும் சேற்றின் ஈரம் வெயிலில் வற்றி, தரை தாழ்ந்து தாம்பாளம் மாதிரி ஆனது. ஓதத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கி, காய்ந்து, உப்பை மட்டும் விட்டுப்போனது. அந்த உப்பில் கன்றுகள் பிழைக்கவில்லை. பழி விழுந்ததென்னவோ மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய ஊர்க்காரர்கள் மீது!

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதம் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. கால்வாய்க் கரைகளில் நட்டவை பிடித்துக்கொண்டன. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது.

படகில் போகிறவர்களுக்கு ஒன்று: கைக்கெட்டும் கிளையை ஒடிக்காதீர்கள். சிதம்பரம் கோயிலின் தல விருட்சமான தில்லை அங்கே உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். பட்டுவிட்டால் கசக்காமல், நிறைய நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.