பூனையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

நாகபுரியில் நம்மவர் பலர் மாடிக் குடியிருப்புகளில் இருக்கிறோம். நாய் வளர்க்க இடம் போதாது. பூனைக்கு ஒரு மூலையும் ஒரு தட்டும் போதும். அதனால் பல வீடுகளில் பூனை வந்துவிட்டது. கூடவே, "சார், எங்கள் பூனை வேகமாக மூச்சு விடுகிறதே, பயப்பட வேண்டுமா?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. நான் மருத்துவன் அல்ல. 35 வருடம் ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரித்தவன். ஒன்பது வயதுப் பூனை ஒன்றை வளர்ப்பவன். கால்நடை மருத்துவரிடம் கேட்டதையும், படித்ததையும், வீட்டில் பழகியதையும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் வண்டி ஸ்டேஷனில் நின்றதும் ஆக்ஸில் பாக்ஸைத் தொட்டுப் பார்ப்போம். வழக்கமான சூடு எவ்வளவு என்று பழகிய கைக்குத்தான் கூடுதல் சூடு தெரியும். பூனையின் மூச்சும் அப்படித்தான். அது நன்றாக இருக்கும்போது என்ன கணக்கு என்று தெரிந்திருந்தால்தான் கோளாறு புலப்படும்.

ஓய்வாக இருக்கும் மனிதர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். தூங்கும் பூனைக்கு இது சுமார் 15 முதல் 30. ஆகவே நம் கண்ணுக்கு வேகமாகத் தெரிவது பூனைக்கு இயல்பாகவே இருக்கலாம். தூக்கத்திலும் 30க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எண்ணுவது எளிது. பூனை அயர்ந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஒரு முறை எழும்பித் தாழ்ந்தால் ஒரு மூச்சு. இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விளையாடி முடித்த கையோடும், 'குர்குர்' என்று ஒலி எழுப்பும்போதும், கனவில் கால் துடிக்கும்போதும் எண்ண வேண்டாம். காலண்டரிலேயே தேதிக்கு எதிரே குறித்து வைக்கலாம்.

எங்கள் பூனைக்கு வழக்கமாக 22, 24 என்றுதான் வரும். ஒரு கோடையில் 32 ஆயிற்று. அடுத்த இரண்டு இரவுகளில் 38, 44. சாப்பாடு குறையவில்லை, குர்குர் ஒலியும் நிற்கவில்லை. வெயில்தான் காரணம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் காலண்டரை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார், நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நீர் இறங்க மருந்து கொடுத்தார். இன்றும் மருந்து தொடர்கிறது. கணக்கு 26க்கு வந்திருக்கிறது. இன்பத்தில் மட்டுமல்ல, வலியிலும் பூனை குர்குர் என்னும் என்று அவர் சொன்னதை மறக்க முடியாது.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது உடல் சூட்டைத் தணிக்க. பூனைக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடுமையாக விளையாடிய பிறகோ, கூடையில் பயந்துபோயோ சற்று நேரம் வாய் திறந்து இரைக்கலாம். சில நிமிடங்களில் அடங்க வேண்டும். ஏதாவது வாசனை பிடித்து, வாயை அரைகுறையாகத் திறந்து விழித்து நிற்பது வேறு, அது மோப்பம்.

சும்மா இருக்கும்போதே வாயால் மூச்சு விடுவது, கழுத்தை நீட்டி முழங்கையை அகட்டி உட்காருவது, வயிறு ஏறி இறங்குவது, ஈறு நீலமாகவோ வெளுத்தோ போவது, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மல்லாத்தாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து உடனே கொண்டுபோங்கள்.

முடியுருண்டை கக்குவதுபோல் பதுங்கி அடிக்கடி இருமியும் ஒன்றும் வெளிவராவிட்டால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை அதற்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது கெடுத்துவிடும்; ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இன்றிரவு பூனை தூங்கியதும் அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் நம்மைவிடப் பொறுமையாக எண்ணுவார்கள்.