பழைய பியானோ: திருத்துவதா, தள்ளிவிடுவதா?

வெள்ளைக்காரத் துரைமாரோடு மலையகத்துக்கு வந்த பொருள்களுள் பியானோவும் ஒன்று. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின்னர், பாரமான பெட்டிகளை மலைமீது ஏற்றுவது இலகுவாயிற்று. 1975இல் ஆங்கிலக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமாரும் அகன்றனர். பழைய பியானோ ஒன்று இன்று ஒரு பாடசாலைக்கோ குடும்பத்துக்கோ மலிவாகக் கிடைக்குமாயின், அதைப் பணம் செலவிட்டுத் திருத்துவது தகுமா? பிள்ளையின் சங்கீதக் கல்வியும் பெற்றோரின் சேமிப்பும் இவ்வினாவில் அடங்கியுள்ளன.

முதலில் பியானோவின் இனத்தை அறிதல் வேண்டும். பழைய ஆங்கிலேய பியானோக்களின் உள்ளுறுப்புகள் மரம், தோல், கம்பளி ஆகியவற்றால் ஆனவை. கட்டைகளின் மேற்றகடு மட்டும் பிளாஸ்டிக்காயின், அது மஞ்சளித்தாலும் அழகுக்கே குறை, ஓசைக்கு அன்று. ஆனால் 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட 'ஸ்பினெட்' என்னும் குட்டைப் பியானோவின் கதை வேறு. அதில் சுத்தியல்களை இயக்கும் பொறி கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே இறங்கியுள்ளது. கட்டையின் அசைவை அப்பொறிக்குக் கடத்துவது முழங்கை போன்றதொரு சிறு துண்டு. அக்காலத்து ஸ்பினெட்டுகள் பலவற்றில் இதனைப் பிளாஸ்டிக்கினாற் செய்தனர். ஆண்டுகள் செல்ல அது இறுகி, பிஸ்கட்டுப்போல் நொறுங்கும்; அத்துடன் அந்தக் கட்டை ஊமையாகிவிடும்.

ஒன்று உடைந்தால் ஒட்டிச் சமாளிக்கலாமே என எண்ணுதல் தவறு. எல்லாம் ஒரே வயதின. இன்று ஒன்று, நாளை மற்றொன்று. ஆதலின் 88ஐயும் ஒருங்கே மாற்றுவதே முறை. புதிய துண்டுகள் அதிக விலையுடையன அல்ல. பொறியை முழுவதும் கழற்றி மீண்டும் பூட்டும் கூலியே பெரிது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

எனவே, அந்தக் கூலியைக் கொடுக்குமுன் பியானோவின் உயிர்நிலையைச் சோதிக்க வேண்டும். அதன் 200க்கு மேற்பட்ட தந்திகளும் 15 தொன்னுக்கு மேற்பட்ட விசையுடன் இழுத்து நிற்பவை. அவற்றைச் சுற்றிய ஆணிகள் மரத்தில் இறுகப் பிடித்துள்ளனவா? நுவரெலியாவின் பனியும் ஈரமும் தந்திகளைத் துருவேற்றினவா? ஒலிப்பலகை வெடித்ததா? சுத்தியலின் கம்பளியைப் பூச்சி அரித்ததா? சுருதி கூட்டுவோர் ஒருவரை அழைத்து இவற்றைப் பார்க்கச் செய்தல் நன்று.

ஆணிகள் தளர்ந்திருந்தால், எத்தனை துண்டு மாற்றினும் சுருதி நில்லாது. அதற்குச் செலவிடும் பணம் ஆற்றில் கரைத்த புளியே. 1939இல் இலண்டன் மகாநாடு வகுத்தபடி, நடு 'ஏ' ஸ்வரம் வினாடிக்கு 440 அதிர்வுகளில் ஒலிக்க வேண்டும். சுருதி பிசகிய வாத்தியத்திற் பழகும் பிள்ளையின் செவியும் பிசகும். ஆணியும் பலகையும் உறுதியாயிருந்து, நாள்தோறும் வாசிப்பதற்கு ஒரு பிள்ளையும் இருப்பின், தயங்காது திருத்துங்கள். இரண்டில் ஒன்று இல்லையெனில், அப்பணத்தைப் பிள்ளையின் சங்கீத ஆசிரியருக்குக் கொடுப்பதே புத்தி.