சரக்கு விமானத்தின் பின்பாரம்: பொய் எடைக்கு யார் பொறுப்பு?

1997 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்குக் கிளம்பியது ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம். உள்ளே இருந்தது டெனிம் துணி. ஓடுபாதையை விட்டு எழும்பியதுமே மூக்கு செங்குத்தாக ஏறத் தொடங்கியது. விமானிகளால் அதைத் தாழ்த்த முடியவில்லை. வேகம் குன்றி, நிலைய எல்லைக்கு வெளியே விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த நால்வரும், தரையில் காரில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

அந்த விமானம் வீழ்ந்ததற்குக் காரணம் பின்பாரம். பாரம் பின்னால் மிஞ்சினால் மாட்டுவண்டியின் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே தூக்கிக்கொள்ளும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் அதைச் சரிக்கட்டத்தான் டிரிம் இருக்கிறது. வாலில் உள்ள கிடைச்சிறகை எந்தக் கோணத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவது என்பதைத்தான் டிரிம் என்கிறார்கள். மொத்த எடை எவ்வளவு, அதன் மையம் எங்கே என்பதை லோட்ஷீட் என்ற பாரக் கணக்குத் தாள் சொல்லும். அதைப் பார்த்தே விமானி கோணத்தை அமைப்பார். பாரம் முன்னால் கூடுதலாக இருந்தால் மூக்கைத் தூக்க அதிக உதவி வேண்டும். பின்னால் கூடியிருந்தால் அந்த உதவியே ஆபத்தாகிவிடும்.

மயாமியில் நடந்தது இதுதான். முதலில் ஒதுக்கியிருந்த விமானத்துக்குப் பதில் வேறொரு டிசி-8 வந்தது. அதற்கேற்பச் சரக்கு ஏற்றப்படவில்லை. காகிதத்தில் இருந்த மையத்தைவிட உண்மையான மையம் வெகுவாகப் பின்னுக்கு இருந்தது. காகிதத்தை நம்பி அமைத்த டிரிம், தேவைக்கு மேல் மூக்கைத் தூக்கிவிட்டது. சரக்கு ஏற்றுவதைக் கண்காணிக்காத விமான நிறுவனம், சொன்னபடி ஏற்றாத ஏரோமார் என்ற சரக்கு நிறுவனம் இரண்டின் மீதும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பொறுப்பைச் சுமத்தியது. தெரிந்த குறைகளைத் திருத்தவைக்காத அரசு விமானத்துறையையும் அது விட்டுவைக்கவில்லை.

எச்சரிக்கை மணி அடித்திருக்காதா என்று கேட்கலாம். டிரிம் அனுமதிக்கப்பட்ட பச்சைப் பட்டையை விட்டு வெளியே போனால் மணி அடிக்கும். பட்டைக்குள்ளேயே இருந்துகொண்டு, ஏற்றிய பாரத்துக்குப் பொருந்தாமல் போனால் பல விமானங்களில் எந்தச் சத்தமும் வராது. சரக்கு அடுக்கிய பாலெட் தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கும் வசதி விமானி அறையில் இல்லை. கீழே எழுதிக் கொடுத்த எண்ணை நம்பித்தான் விமானி கிளம்புகிறார்.

2004 அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸின் போயிங் 747 விழுந்ததும் எண் பிழையால்தான். உண்மையான எடை சுமார் 353 டன். முந்தைய பயணத்தின் 240 டன் என்ற எண்ணை வைத்துப் புறப்பாட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள். என்ஜின் விசை போதவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் வால் மோதி, ஏழு பேரும் இறந்தார்கள். ஓய்வின்றி உழைத்த களைப்பும் அதற்கு ஒரு காரணம்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸின் 747இல் ஐந்து ராணுவக் கவச வண்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. கட்டு போதாமல் கடைசி வண்டி பின்னோக்கி நகர்ந்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால்சிறகை அசைக்கும் திருகுத் தண்டையும் நொறுக்கியது. விமானம் விழுந்து, அங்கும் ஏழு உயிர்கள் போயின. இப்படிப்பட்ட சரக்கை ஏற்றிக் கட்டுபவர்களுக்குச் சான்றிதழ், பயிற்சி, பணி நேர வரம்பு, ஓய்வு எல்லாம் வேண்டும் என்று விசாரணைக்குப் பின் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. விமானிக்கு மணிக்கணக்கு பார்த்து ஓய்வு கொடுத்துவிட்டு, அவர் உயிரைக் கட்டிவைக்கும் தொழிலாளியை இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

விமான நிலையத்தில் பாரம் ஏற்றுபவராக இருந்தால் இதை மனதில் வையுங்கள். பூட்டு விழாத பாலெட், எடைச்சீட்டு இல்லாத பெட்டி, திட்டத்தில் இல்லாத இடமாற்றம் எதைக் கண்டாலும் கதவு மூடுமுன் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். முடிந்தால் எழுத்தில் கொடுங்கள். சந்தேகமுள்ள சரக்கை இறக்கச் சொல்லும் அதிகாரம் தலைமை விமானிக்கு உண்டு. நிறுவனத்துக்குள் பேச்சு எடுபடாவிட்டால், இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவிடம் தன்னார்வமாகத் தெரிவிக்கும் வழி இருக்கிறது. தவறைச் சொன்னவரைத் தண்டிக்கும் நிறுவனத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும்.

சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. திருப்பூரிலிருந்து துணி அனுப்பினாலும் கோவையிலிருந்து பம்ப் அனுப்பினாலும், ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டில் நீங்கள் தரும் விவரம் சரியானதா என்பதற்கு, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி நீங்களே பொறுப்பு. அந்த ஒப்பந்தம் 2009 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. தவறான விவரத்தால் நஷ்டம் வந்தால் அதை ஈடுசெய்யும் கடனும் உங்களுடையதே. கட்டணம் பெட்டியின் கன அளவை வைத்தும் கணக்கிடப்படலாம். லோட்ஷீட்டுக்கு வேண்டியது தராசு காட்டும் மெய்யெடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏஜென்ட் "கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் உரிமையும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. சரக்கு சேதமானால் கையில் கிடைத்த 14 நாளுக்குள்ளும், தாமதமானால் 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 3,000 ரூபாய். சரக்கு அதைவிட மதிப்புள்ளது என்றால் ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் தொகை கட்டிவிடுங்கள். அல்லது தனியே காப்பீடு எடுங்கள். உங்கள் பக்கம் கட்டிய கட்டு சரியில்லாததால் சேதமானால் நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஆகவே பெட்டியை மூடுமுன் தராசு எண்ணும் கட்டும் தெரியும்படி படம் எடுத்து, ஏர்வே பில் நகலோடு இரண்டு ஆண்டுக்குப் பத்திரமாக வைத்திருங்கள்.