உங்களுக்குத் தெரியுமா? ரிமோட் சொல்வதைத் தெருவே கேட்கிறது!

★ வழக்கமான டிவி ரிமோட்டில் இருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சுவர் குறுக்கே வந்தால் நின்றுவிடும். கேட், ஷட்டர், கார் ரிமோட்டுகள் அப்படியல்ல, ரேடியோ அலையில் பேசுகின்றன. மலிவு விலை ரிமோட்டுகளில் பலவும் 433.92 மெகாஹெர்ட்ஸ்காரர்கள். பட்டனை அமுக்கியதும் அந்த அலை மதிலைத் தாண்டித் தெருவுக்கும் போய்விடும்.

★ இவ்வகை ரிமோட்டுகளில் பரவலாக இருக்கும் சிப், இ.வி. 1527. அது அனுப்புவது 24 பிட்டுகள்: 20 பிட் ரிமோட்டின் அடையாளம், 4 பிட் எந்தப் பட்டன் என்பது. 20 பிட்டில் 10,48,576 எண்கள் அடங்கும். ஊகிக்கக் கஷ்டம்தான். ஆனால் எத்தனை தடவை அமுக்கினாலும் அதே எண்ணே போகிறது. ஒருமுறை கேட்டுவிட்டவர் எதற்காக ஊகிக்க வேண்டும்?

★ கேட்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ போர்டு ஒன்று, கட்டைவிரல் அளவு ரிசீவர், அதேபோல் ஒரு டிரான்ஸ்மிட்டர் போதும். அலையின் நீளம் சுமார் 69 செ.மீ.; அதில் கால் பங்கு, அதாவது 17.3 செ.மீ. கம்பியை ஆன்டெனாவாகப் பற்றவைத்தால் தூரம் நன்றாகக் கூடும். ரிமோட்டை அமுக்கினால் மலிவு ரிசீவர் முதலில் குப்பை இரைச்சலைத்தான் கொட்டும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு 24 பிட்டுக்கும் முன்னால், ஒரு குட்டித் துடிப்பைப் போல 31 மடங்கு நீளமான மௌனம் வரும். அந்த இடைவெளியைத் தேடச் சொல்லி நிரல் எழுதினால் இரைச்சலுக்குள் எண் அகப்படும். அதையே திருப்பி அனுப்பினால் கேட் திறக்கும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு, அலை, குறியீடு, நிரல் மூன்றையும் ஒரே மாலையில் புரியவைக்கும் அருமையான பயிற்சி இது. சொந்த ரிமோட்டில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் ரிமோட்டைப் பதிவுசெய்வது திருட்டுச் சாவி செய்வதுதான்.

★ கரும்பும் மணிலாவும் விளையும் விழுப்புரம் மண்ணில் இது வெறும் கேட் சங்கதி இல்லை. இருட்டில் வரப்பில் நடக்காமல் பம்புசெட்டை ஓடவிட ரிமோட் ஸ்டார்ட்டர்கள் வந்துவிட்டன. எண் மாறாத ரிமோட்டாக இருந்தால் வேறொருவர் மோட்டாரைப் போட்டுவிட முடியும். கிணற்றில் தண்ணீர் இல்லாத நேரமென்றால் காயில் கருகிவிடலாம். வாங்கும்போது 'ரோலிங் கோடா?' என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

★ ரோலிங் கோடு என்றால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண் மாறும். பழைய எண்ணை ரிசீவர் ஏற்காது. இதில் புகழ்பெற்ற கீலாக் முறை 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. மாறும் பகுதி மட்டும் 32 பிட், 429 கோடிக்கும் மேலான எண்கள். அதையும் 2007, 2008-இல் ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர். 2015-இல் சாமி கம்கார் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார்: முதல் அமுக்கலைக் காரின் காதில் விழாமல் தடுத்துப் பதிவுசெய்துகொண்டார். உரிமையாளர் மறுபடி அமுக்க, இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு முதலாவதை அனுப்பிக் காரைத் திறந்தார். இன்னும் பயன்படுத்தப்படாத ஓர் எண் அவர் கையில் மிச்சம்!

★ விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டியை அடையாளம் காட்டும் ஃபாஸ்டேக்கும் ரேடியோதான், 865–867 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் பேட்டரி கிடையாது. மேலே இருக்கும் ரீடரின் அலையே அதற்கு மின்சாரம்.

★ 1890-களின் நடுவிலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், ரேடியோ அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

★ உங்கள் ரிமோட் எந்த ரகம் என்று தெரிய, ஒரே பட்டனை இருமுறை அமுக்கி இரண்டையும் பதிவுசெய்யுங்கள். துடிப்பு வரிசை அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அது மாறாத எண். ரிசீவரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.