அறுபதுக்கு மேல் படிப்பு ஏறுமா?

"டாக்டர், ஞாபக சக்திக்கு நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க!"

இப்படிக் கேட்டு வருபவர்கள் எல்லாம் பிளஸ் டூ மாணவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சமீப காலமாக அறுபதைத் தாண்டியவர்களும் கேட்கிறார்கள். ரிட்டயர் ஆன கையோடு ஒருவர் இந்தி வகுப்பில் சேர்ந்திருப்பார். இன்னொருவர் கீபோர்டு வாங்கியிருப்பார். ஓர் அம்மா திருப்புகழ் வகுப்புக்குப் போவார். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்குப் பணம் கட்டியவரும் உண்டு. இரண்டு மாதம் போனதும், "மண்டையில எதுவும் நிற்க மாட்டேங்குது. இனிமே நமக்கு ஏறாது" என்று நோட்டை மூடிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். வீட்டிலும், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று ஒத்து ஊதுகிறார்கள்.

இப்படிப் பாதியில் விட்டவர்களை உட்கார வைத்துப் பரிசோதித்தால், பெரும்பாலும் குறை மூளையில் இல்லை. காதில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, சிறுநீர்ப்பையில்கூட இருக்கிறது!

காதை முதலில் பாருங்கள்

68 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். "அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு. நேத்து வகுப்புல சொன்னதை இன்னைக்குக் கேட்டா தெரியலைங்கிறாரு." பெரியவர் முகத்தில் ஈ ஆடவில்லை. நான் நாடி பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டு தணிந்த குரலில் இரண்டு கேள்வி கேட்டேன். பதில் இல்லை. நேருக்கு நேர் பார்த்து அதையே கேட்டேன். டக்கென்று பதில் வந்தது. மறதி என்று சொல்லப்பட்டவர் தம்முடைய முதல் மாதச் சம்பளத்தைப் பைசா சுத்தமாகச் சொன்னார்!

வயதாகும்போது கேட்கும் சக்தி ஒரேயடியாகப் போவதில்லை. மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் நழுவும். ச, த, க போன்ற எழுத்துகள் தேய்ந்து போகும். அதனால்தான், "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்கிறார்கள். வகுப்பில் மேலே மின்விசிறி கடகடக்கும். பெண் ஆசிரியை என்றால் குரலும் மெல்லிசாக இருக்கும். காதில் சரியாக விழாத வார்த்தை மனதில் எப்படித் தங்கும்? அந்தப் பெரியவரைக் காது மருத்துவரிடம் அனுப்பினேன். கருவி பொருத்திக்கொண்டார், முன் வரிசைக்கு மாறினார், மறுபடி படிக்கிறார். லேகியம் எதுவும் நான் கொடுக்கவில்லை.

கண்ணும் அப்படித்தான். இளவயதுக் கண்ணைவிட அறுபது வயதுக் கண்ணுக்கு இரண்டு, மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். புரை வளர்ந்திருந்தால் இன்னும் கஷ்டம். கரும்பலகையைப் பார்ப்பதும் நோட்டைப் பார்ப்பதுமாக மாறி மாறிக் கண்ணை ஓட்டினால் அரை மணியில் தலை வலிக்கும். "படிச்சா தலை வலிக்குது" என்பவர்கள் கண்ணாடி பவர் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம்

சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது. அதில் சிறுநீரும் ஒன்று. இரண்டு மணி நேர வகுப்பில் எழுந்து போகக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். சிலர் இன்னும் சாமர்த்தியமாக, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். உடம்பில் நீர் குறைந்தால் தலை கிறுகிறுக்கும், கவனம் சிதறும், நீர்க்கடுப்பும் வரும். வகுப்பு நடத்துகிறவர்களே, மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் இடைவேளை விடுங்கள், புண்ணியமாகப் போகும். கழிப்பறை மாடியில் இருக்கும் இடத்தில் முதியோர் வகுப்பு நடத்துவது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பதினோரு மணி வகுப்பில் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தெரிந்த பதிலுக்கே திணறினால் அது மறதியாக இல்லாமல் இருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். பையில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். தைராய்டு குறைவு, பி-12 குறைவு இரண்டும் மறதியைக் கொண்டுவரும். சுத்த சைவர்களும், நீண்ட நாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களும் பி-12 பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சித்த வைத்தியன் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசுகிறானே என்று பார்க்காதீர்கள். காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது எந்த வைத்தியத்திலும் கிடையாது.

கபத்தின் காலம்

மனித ஆயுளை மூன்றாகப் பிரித்து, முதல் பகுதியை வாதத்துக்கும், நடுப்பகுதியைப் பித்தத்துக்கும், கடைசிப் பகுதியைக் கபத்துக்கும் உரியதாகச் சொல்வது சித்த மருத்துவ மரபு. கபம் மந்தத்தைத் தரும். நிலைப்பையும் அதுதான் தரும். இளைஞன் ஒரு நாளில் பிடிப்பதைப் பெரியவர் ஒரு வாரத்தில் பிடிப்பார். வேகம் குறையும் என்பதை இன்றைய ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் சொல்வளமும் அனுபவ அறிவும் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை.

ஜெர்மனியில் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கற்றுக்கொண்டவர்களின் மூளையில் சில பகுதிகள் பருத்திருந்தன! பயிற்சியை விட்டதும் அது பழையபடி குறைந்தும் போனது. ஆக, அந்த வயதிலும் மூளை அசைந்து கொடுக்கிறது, விட்டால் சுருங்குகிறது. மறதி நோய்க்கு இடம் கொடுக்கும் காரணங்களாக லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் சொன்ன பதினான்கில், காது மந்தம், கவனிக்காத பார்வைக் குறை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு ஆகியவற்றோடு தனிமையும் இருக்கிறது. எனவே வீட்டில் தனியாக டி.வி. பார்த்துக் கற்பதைவிட நாலு பேரோடு உட்கார்ந்து கற்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

கேரளாவில் கார்த்தியாயினி அம்மா என்ற பாட்டி, 2018-ல் தமது 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மார்க் வாங்கினார். பள்ளிக்கூடமே போகாதவர். 2020-ல் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருதும் பெற்றார். 2023-ல், 101 வயதில் காலமானார். நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்கள்கூட எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றார்களே! உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்களா? 15 வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் படிக்கலாம் என்று மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் வந்தது. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரித்துச் சொல்லுங்கள்.

எப்படிப் படிப்பது?

நாங்கள் கல்லூரியில் நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தோம். விடியற்காலையில் வாய்விட்டுச் சொல்வோம். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். பெரியவர்களுக்கும் இதே முறைதான் பொருந்தும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிடத் தினம் அரை மணி மேல். ராத்திரித் தூக்கம் கெட்டால் பகலில் படித்தது தங்காது. அதனால் மதியம் நீண்ட நேரம் தூங்காதீர்கள்.

லேகியம் வேண்டவே வேண்டாமா? வல்லாரைத் துவையல் வாரம் இரண்டு நாள் தாராளமாகச் சாப்பிடலாம், அது கீரை. ஆனால் வல்லாரை, நீர்ப்பிரமி சேர்ந்த மாத்திரைகளைக் கடையில் பார்த்து நீங்களாக வாங்காதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பது, பல வருஷம் பார்த்த வீட்டுக் கணக்கில் குழம்புவது... இவை வேறு விஷயம். உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாடத்தில் ஒரு சொல் மறந்துபோவதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

பரீட்சை எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் ராத்திரி கண் விழிக்காதீர்கள். பதற்றத்தில் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போகாதீர்கள். எண்ணெய்க் குளியலைப் பரீட்சை முடிந்து வைத்துக்கொள்ளலாம்.