சூளை முடிந்து கல்லூரிக்கு

மாணவர் மனநலம் பற்றிய இந்தத் தொடரில் இதுவரை பெருநகரக் கல்லூரிகளையே சுற்றிவந்தோம். இந்த வாரம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வருவோம்.

இந்தப் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்களில் பலவும் ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ குடியிருப்பவை. தை பிறந்தால் செங்கல் சூளை. இல்லையென்றால் மரம் வெட்டு, கரிமூட்டம். வாங்கிய முன்பணம் கழியும்வரை ஊர் திரும்ப முடியாது. அப்படியொரு வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளை பெரும்பாலும் அந்த வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர். தமிழ்நாட்டில் பழங்குடியினர் எல்லோருக்கும் சேர்த்தே இட ஒதுக்கீடு 1 சதவீதம்தான் என்பதால், வகுப்பிலும் அவர் ஒற்றை ஆள்.

சூளையில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கை போதவில்லை என்றால் பிள்ளையும் கிளம்பிப் போக வேண்டியதுதான். திரும்பி வரும்போது வருகைப்பதிவு குறைந்திருக்கும், இன்டர்னல் மார்க் போயிருக்கும். ‘எங்கடா போன இவ்ளோ நாளா?’ என்று வாத்தியார் சாதாரணமாகத்தான் கேட்பார். உண்மையைச் சொன்னால் அதுவரை மறைத்து வைத்த சாதி வகுப்புக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பொறுப்பில்லாத பையன் என்று பெயர். இரண்டுக்கும் பயந்து வராமலே நின்றுவிடுகிற பிள்ளையை நம் ஏடுகள் ‘இடைநின்றவர்’ என்று எழுதி மூடிவிடுகின்றன.

இந்தப் பிள்ளை ஆலோசகரிடம் வந்து தூக்கம் வரவில்லை என்று சொன்னால், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் தூக்கம் போனது சாதிச் சான்றிதழால் என்றால்? பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று இல்லையென்றால் விசாரணை, மறுவிசாரணை என்று இழுக்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை கிடையாது, பழங்குடி ஒதுக்கீட்டில் இடமும் கிடையாது. சான்றிதழ் கிடைத்தாலும் அதைக் காப்பாற்றுவது எளிதல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இந்தப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. குடிசையில் தகரப் பெட்டிக்குள் காகிதம் வைத்திருப்பவருக்கு அந்த மழை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி இந்தச் சான்றிதழ்ச் சிக்கலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் போலீஸ் கொடுமைக்கு எதிராகவும் அலைந்தவர். ‘ஜெய் பீம்’ படம் வெளியான 2021இல் நடிகர் சூர்யா இருளர் மாணவர் கல்விக்காக 1 கோடி ரூபாய் தந்தபோது வெளியூர்க்காரர்களும் அவர் பெயரைக் கேட்டார்கள். அவர் மனநல ஆலோசகர் அல்லர். ஆனால் ‘நமக்காகப் பேச ஓர் ஆள் இருக்கிறார்’ என்ற தைரியத்தைத் தருவதும் மனநலப் பணிதான் என்பேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன. விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியமிக்கட்டும். அந்த ஆலோசகருக்குச் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கும் விடுதிக் காப்பாளர் அறைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். உளவியல் மட்டும் தெரிந்தவர் இங்கே பாதி வேலைதான் செய்வார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் வராதவர் பட்டியலை எடுத்துப் போன் செய்யுங்கள். திரும்பி வந்தவரிடம் காரணத்தை வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். மாணவர்களே, மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.