கரிசல் மண்ணில் ஒரு கடல் தொட்டி: மெட்டல் ஹாலைடு விளக்கைத் தேர்வதில் கவனிக்க வேண்டியவை

நன்னீர் மீன் தொட்டியில் விளக்கு என்பது பார்ப்பவரின் கண்ணுக்காக எரிவது. பவளத் தொட்டியிலோ அது உள்ளே வாழும் உயிர்களுக்கு உணவாகிறது. பார்வைக்குச் செடிபோலத் தோன்றினாலும் பவளம் ஒரு விலங்கு என்பதும், அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகள் வெளிச்சத்தைக் கொண்டு சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி அந்த விலங்குக்கே போய்ச் சேருகிறது என்பதும் உயிரியலார் நன்கு நிறுவிய செய்திகள். ஜூசாந்தெல்லே எனப்படும் இப்பாசிகளுக்குப் போதிய ஒளி கிடைக்காவிட்டால் பவளம் மெல்ல மெலியும். நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசிகளையே வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். ஒளியை மிகுதியாகவும் வெப்பத்தைக் குறைவாகவும் தர வேண்டும் என்ற இந்த இரட்டைத் தேவைதான் விளக்குத் தேர்வைச் சிக்கலாக்குகிறது.

இத்தகைய தொட்டியை இங்கே அமைக்க நினைக்கும், அருப்புக்கோட்டையை ஒட்டிய கரிசல் ஊரான பாளையம்பட்டி கடலோர ஊரன்று. ஆயினும் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால், ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இந்தியாவின் முதன்மையான பவளப் பகுதிகளில் ஒன்றான மன்னார் வளைகுடாவை அடைந்துவிடலாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளைச் சுற்றி, அவற்றுள் இரண்டு இப்போது நீருக்குள் அமிழ்ந்துவிட்ட நிலையிலும், நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வளர்வதால் நண்பகல் வெயில் அவற்றின்மேல் ஏறக்குறைய நேரடியாகவே விழுகிறது. அந்த வெயிலைக் கூரைக்குக் கீழே உண்டாக்கும் முயற்சியே மெட்டல் ஹாலைடு விளக்கு என்று சொல்லலாம்.

இவ்விளக்கின் நடுவே குவார்ட்ஸ் என்னும் உருகுநிலை மிகுந்த கண்ணாடியாலான சிறு குழல் ஒன்று உள்ளது. அதற்குள் ஆர்கன் வாயுவும், பாதரசமும், சோடியம், ஸ்காண்டியம், இண்டியம் போன்ற உலோகங்களின் அயோடைடு உப்புகளும் அடைக்கப்பட்டிருக்கும். இக்னிட்டர் என்னும் தூண்டி சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் பொறியைக் கிளப்ப, அதன்பின் பாயும் மின்சாரத்தைச் சோக் கட்டுப்படுத்த, உப்புகள் ஆவியாகி ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய நிறத்தை உமிழ்கின்றன. 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வணிகப் பொருளாக உருப்பெற்ற இது, விளையாட்டு அரங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் எரிந்து பழகிய பின்னரே மீன் தொட்டிக்கு வந்தது. ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து கிளம்புவதால், நீரின் அலை அசைவுகள் தொட்டியின் அடியில் நெளியும் ஒளிக்கோடுகளாக விழுகின்றன. குழல் விளக்கு இந்த அழகைத் தருவதில்லை.

கடையில் விளக்கைத் தேர்பவர் முதலில் பார்க்க வேண்டியவை வாட்டும் கெல்வினும் ஆகும். அனுபவக் கணக்காகச் சொன்னால், ஒன்றரை அடி ஆழத் தொட்டிக்கு 150 வாட்டும், இரண்டடி ஆழத்துக்கு 250 வாட்டும் போதும். 400 வாட் அதற்கும் ஆழமானவற்றுக்கே உரியது. ஒரு விளக்கு ஏறத்தாழ இரண்டடிச் சதுரத்தை நன்கு நனைக்கும் என்பதால், நான்கடி நீளத் தொட்டிக்கு இரண்டு வேண்டும். கெல்வின் என்பது ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு: 6,500 சற்று மஞ்சள் கலந்த வெண்மை, 10,000 தெளிந்த வெண்மை, 20,000 ஆழ்கடல் நீலம். நீலம் கண்ணைக் கவர்ந்தாலும், அதே வாட்டில் அதன் வெளிச்சம் குறைவு என்பதையும், மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீரில் பவளங்கள் காண்பது அத்தகைய நீலத்தை அன்று என்பதையும் நினைவில் கொண்டால், 10,000 கெல்வினே பொருத்தமானதாகத் தோன்றுகிறது.

பாளையம்பட்டியில் இத்தேர்வை உண்மையில் தீர்மானிப்பது வெப்பமே. 250 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்த ஆற்றல் முழுவதும் 200 லிட்டர் நீருக்குள் இறங்கி அங்கேயே தங்கினால் நீரின் வெப்பம் எட்டு டிகிரிக்கு மேல் உயரும். நடைமுறையில் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும் என்றாலும், மூன்றில் ஒரு பங்கு நீரில் தங்கினாலே மூன்று டிகிரி ஏறிவிடும் என்பதும், பவளத் தொட்டி 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதும் கவலைக்குரியவை. சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரையின் கீழ் அறை வெப்பமே 35 டிகிரியைத் தாண்டும் இவ்வூரில், விளக்கைப் போடுவதற்கு முன்பே நீர் அந்த எல்லையைக் கடந்திருக்கும். வெப்பமேறினால் என்னவாகும் என்பதை மன்னார் வளைகுடாவே காட்டியுள்ளது: 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன.

ஆனால் கரிசல் நாட்டுக்கென்று ஒரு சாதகமும் உண்டு. மண்பானைத் தண்ணீர் எந்த நியதியால் குளிர்கிறதோ, அதே நியதியால் தொட்டி நீரும் ஆவியாகிக் குளிரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 200 லிட்டர் நீரை ஏறத்தாழ மூன்று டிகிரி குளிர்விக்கப் போதுமானது. தூத்துக்குடியின் ஈரக் காற்றில் இது மந்தமாகவே நடக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வறண்ட காற்றிலோ, நீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தாலே அது வேகமாக நடந்துவிடும். விலையுயர்ந்த சில்லர் என்னும் குளிரூட்டும் கருவியை வாங்குமுன் இதைச் செய்து பார்ப்பது அறிவுடைமை. இதில் ஒன்றை மட்டும் மறக்கலாகாது: ஆவியாவது நீரே, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. எனவே குறைந்த அளவை அன்றாடம் உப்பில்லாத நீரால் நிரப்ப வேண்டும். இப்பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்திருப்பதால் அந்நீரை ஊற்றக் கூடாது, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரே ஏற்றது.

மின்சாரம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கு மின்தடையால் ஒரு நொடி அணைந்தாலும், குழல் ஆறும்வரை, அதாவது பத்துப் பதினைந்து நிமிடங்கள், மீண்டும் பற்றாது; அதைப் பழுதென்று கருதிப் பிரிக்க முற்படுவது ஆபத்து. இரு முனையிலும் மாட்டும் வகை விளக்கில் புறஊதாக் கதிரை வடிகட்டும் வெளிக்கூடு பெரும்பாலும் இல்லாததால், அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி மூடி இன்றி அதை எரியவிடக் கூடாது. ஏறத்தாழ ஓராண்டில் ஒளியின் வலிமையும் நிறமும் மாறிவிடுவதால், விளக்கு இன்னும் பழுதாகாத நிலையிலேயே அதை மாற்ற நேரும். பாதரசம் உள்ள பழைய விளக்கைக் குப்பையில் உடைத்துப் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் சேர்க்க வேண்டும். இரண்டு 250 வாட் விளக்குகள், சோக்கின் செலவும் சேர, நாளொன்றுக்கு நான்கரை யூனிட் கேட்கும். இரு மாதக் கணக்கெடுப்பில் இவை மட்டுமே 270 யூனிட்டைக் கூட்டிவிடும்.

இவ்வளவும் எந்த உயிருக்காக என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் எழ வேண்டியது. மெட்டல் ஹாலைடின் கடும் வெளிச்சம் இன்றியமையாதது ஆழமற்ற கடலின் கடினப் பவளங்களுக்கே. அவையோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கு நிகரான காப்பைப் பெற்றுள்ளன. கருப்புப் பவளம், கடல்விசிறி, தீப்பவளம், குழல் பவளம் ஆகியவையும் அப்பட்டியலில் அடங்கும். மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. உயிர்ப்பாறை என்ற பெயரில் விற்கப்படும் பவளக் கற்களும் சட்டத்தின் பார்வையில் பவளமே. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டு, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னும் காயம் ஆறாதவை மன்னார் வளைகுடாவின் பாறைகள். ஒரு வரவேற்பறையின் அழகுக்காக அவற்றிலிருந்து ஒரு கிளையையும் ஒடிப்பதற்கு நியாயமில்லை.

சட்டத்துக்கு உட்பட்டு இவ்வூரில் அமைக்கத்தக்கது, சுட்ட களிமண்ணாலோ சிமென்ட்டாலோ செய்த செயற்கைப் பாறையில், அட்டவணையில் இடம்பெறாத மென்பவளங்களும் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன்களும் வாழும் தொட்டி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் வளர்ந்துள்ளது. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி உணவுக்குப் பழகியிருப்பதால் கடலில் பிடித்ததைவிட எளிதில் பிழைக்கும். மென்பவளங்கள் நடுத்தர ஒளியிலேயே செழிப்பவை. இத்தகைய தொட்டிக்கு, வெள்ளையும் நீலமும் கலந்த எல்.இ.டி. விளக்கே மெட்டல் ஹாலைடைவிடப் பொருத்தமானது: மின்செலவு பாதிக்கும் குறைவு, மின்தடைக்குப் பின் உடனே எரியும், நீரின்மேல் வீசும் வெப்பமும் சிறிது. ஏற்கெனவே மெட்டல் ஹாலைடு வைத்திருப்பவர் 150 வாட்டுக்கு மேல் போகாமல், நீர்ப்பரப்பிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, நண்பகல் வெக்கை தணிந்த பின் மாலை நான்கு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை எரியவிட்டால், கோடையையும் கடந்துவிடலாம்.